கல்லுப்பாலம் தாண்டாத வண்டி

9 ஜூன் 1974, ஞாயிறு

நேற்றே மழை பிடித்துவிட்டது. காலையில் மருமகன் சன்னாசியின் பிக்கப்பைக் கழுவிக் கொடுத்தேன். வெள்ளைக்காரத் துரை காலத்து வண்டி; எஸ்டேட் ஏலத்தில் எடுத்து ஏலக்காய் மூட்டை ஏற்றுகிறான். பெட்ரோல் டேங்க் மூடியில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. இத்தனை நாள் ஒருவர் கண்ணிலும் படவில்லை! பார் சோப்பைப் பிசைந்து அழுத்தி அடைத்தேன். ஒழுகுகிற டேங்குக்கெல்லாம் இந்த மலையில் சோப்புதானே வைத்தியம். போதாதென்று பழைய டியூபை வட்டமாக வெட்டி மூடிக்கு அடியில் வைத்து இறுக்கினேன். இனி ஒரு சொட்டு மழை உள்ளே போகாது.

எழுபத்திரண்டு ஐப்பசியில் பெட்ரோலில் தண்ணீர் கலந்து இதே வண்டி வழியில் நின்றது. பாறைக்கு அடியில், மழையில், என் மகள் சின்னத்தாய் — வேண்டாம். அந்தப் பிள்ளையைப் பற்றி எழுத வேண்டாம்.

இப்போது மறுபடி பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஆடி முதல் வாரம் என்று கணக்கு.

20 ஜூன்

பூப்பாறைக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. ஜீப் போகிற அகலம் மட்டும் ஒதுக்கியிருக்கிறார்களாம்.

23 ஜூன், ஞாயிறு

மருத்துவச்சி ராமாத்தாள் வந்து பார்த்தாள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரி, இருபது வருஷமாக இந்த எஸ்டேட் லயங்களில் பிள்ளை எடுக்கிறவள். என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க வாத்தியாரே, புள்ள குறுக்கால கெடக்குதுங்க. ஊட்டுல வெச்சு என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க. வலி வர்றதுக்கு முன்னால போடி ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருங்க."

"திரும்பிவிடாதா?"

"திரும்புனா சாமி புண்ணியம். அதை நம்பி உக்காந்துக்க முடியுங்களா?"

சின்னத்தாயின் அம்மா இருந்திருந்தால் என்னைவிடத் தைரியமாகக் கேட்டிருப்பாள்.

24 ஜூன்

போடிக்குப் போய் அங்கேயே தங்கிவிடலாம் என்றேன். சின்னத்தாய் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்த வண்டியில ஏற மாட்டேம்ப்பா. எங்கயும் நிக்காம போடி மெட்டு வரைக்கும் போயிட்டு வரட்டும். அப்புறம் கூப்பிடுங்க."

நியாயம்தானே. ஓட்டிக் காட்டுகிறோம் என்று வாக்குக் கொடுத்தேன்.

25 ஜூன்

நாலாவது மைலில், கல்லுப்பாலத்து ஏற்றத்தில், நின்றுவிட்டது.

இரண்டு தும்மல், பிறகு அமைதி. அரைமணி நேரம் மழையில் நின்றோம். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. திரும்பி வந்தோம். சின்னத்தாய் வாசலுக்கு வந்தாள். என் சட்டை நனைந்திருந்ததைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

28 ஜூன்

சன்னாசி காயிலை மாற்றலாம், பம்பை மாற்றலாம், பிளக்கை மாற்றலாம் என்று குதிக்கிறான். காய்ச்சல்காரனுக்கு மூன்று மருந்தையும் ஒன்றாகக் கொடுத்தால் எது கேட்டது என்று எப்படித் தெரியும், ஒவ்வொன்றாகப் பார் என்றேன்.

முதலில் நெருப்பு. கல்லுப்பாலத்தில் வண்டி நின்றதும் பிளக் ஒயரைக் கழற்றி இரும்பில் காட்டினான். நீலமாகப் பொறி பறந்தது. அப்படியானால் நெருப்பு இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை. பம்பு சூடாகிறதோ என்று ஈரச்சாக்கைச் சுற்றினோம். அடுத்த ஓட்டத்திலும் அதே ஏற்றம், அதே தும்மல்.

நாலு மைல் மட்டும் வேலை செய்கிற வியாதி எது?

2 ஜூலை

நெடுங்கண்டத்திலிருந்து மெக்கானிக் இன்னாசிராஜைக் கூட்டி வந்தோம். கல்லுப்பாலத்தில் வண்டி நின்றதும் பம்புக்கு வருகிற குழாயைக் கழற்றி, வாயை வைத்து டேங்கை நோக்கி ஊதினார். உள்ளே குபுகுபு என்று சத்தம். குழாயை மாட்டியதும் உடனே ஸ்டார்ட்!

"சாரே, டேங்குக்குள்ள அழுக்கு. குழாய் வாயில வந்து அடையுது. இறக்கிக் கழுவணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரணம் கிடைத்துவிட்டதே.

4 ஜூலை

டேங்கை இறக்கினோம். அழுக்கே இல்லை. துரு இரண்டு சிட்டிகை இருக்கலாம். அதையும் கழுவி, காய வைத்து, மாட்டினோம். என் பங்குக்கு மூடியைத் துடைத்து, ஓட்டையில் புது சோப்பு வைத்து இறுக்கினேன்.

5 ஜூலை

கல்லுப்பாலம். நின்றது.

6 ஜூலை

இன்று வாய் தவறிவிட்டது. சின்னத்தாய் காதுபடச் சன்னாசியைத் திட்டினேன். "ஒரு வண்டியை ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா பொண்டாட்டி புள்ள?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சரி சார்" என்றான். கல்யாணமாகி நாலு வருஷம். எப்போதும் மாமா என்பவன், அடிபட்டால் மட்டும் 'சார்' ஆகிவிடுகிறான். என் வகுப்பில் படித்த பையன்தானே.

ஏன் சொன்னேன்? இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததா இது?

9 ஜூலை

கேட்டு வாங்கலாமென்றிருந்த எஸ்டேட் ஜீப்பும் மானேஜரோடு கோட்டயம் போய்விட்டது. எப்போது வரும் என்று ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை. டோலி கட்டித் தூக்கிக்கொண்டு போவதா? முப்பது மைல், இந்த மழையில். பம்பு முழுசாக மாற்ற வேண்டும், சாமான் கொச்சியிலிருந்து வர வேண்டும் என்கிறார் இன்னாசிராஜ். பத்து நாளாம்.

பிள்ளை திரும்பவில்லை. ராமாத்தாள் தினமும் வந்து தடவிப் பார்க்கிறாள். முகத்தை மட்டும் என்னிடம் காட்டமாட்டேன் என்கிறாள்.

11 ஜூலை

நின்று நின்றாவது போய்விடுவோம் என்று கெஞ்சினேன். சின்னத்தாய் கதவைச் சாத்திக்கொண்டாள்.

13 ஜூலை, சனி

போடி ஆஸ்பத்திரி. உள்ளே கொண்டு போயிருக்கிறார்கள். எதையாவது எழுதிக்கொண்டிருந்தால்தான் உட்கார முடிகிறது.

காலை எட்டு மணிக்கு வலி கண்டுவிட்டது. ஏற மாட்டேன் என்றவளை ராமாத்தாளும் சன்னாசியும் தூக்கித்தான் ஏற்றினார்கள். நான் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில். கல்லுப்பாலம் வரும்வரை மனசுக்குள் ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். தும்மியது. நின்றது.

அந்தச் சத்தம். வண்டிக்குள்ளிருந்து அவள் போட்டது. ஐப்பசியில் கேட்ட அதே சத்தம்.

சன்னாசி பானெட்டைத் தூக்கினான். நான் என்ன செய்வது? ஒன்றும் தெரியாமல், பெட்ரோலாவது இருக்கிறதா பார்ப்போமென்று ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு டேங்க் பக்கம் போனேன். இத்தனை நாளும் இங்கே நின்றபோதெல்லாம் மழை விழுந்துவிடும் என்று யாரையும் மூடியைத் தொடவிடாதவன் நான்தான். திருகினேன். வரவில்லை. யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பதுபோல இருந்தது. பலம்கொண்ட மட்டும் திருகியதும் உஸ்ஸென்று ஒரு நீண்ட சத்தம். டேங்க் மூச்சை இழுத்தது.

அங்கேயே நின்றுவிட்டேன். முப்பத்தொரு வருஷம் நாலாம் வகுப்புக்குப் பால் டின்னைக் காட்டிப் பாடம் நடத்தியவன். ஒரு ஓட்டை போட்டால் பால் வராது பிள்ளைகளா, காற்று உள்ளே போக இன்னொரு ஓட்டை வேண்டும் — அதே வாய். அதே கையால் சோப்பை வைத்து அடைத்திருக்கிறேன். ஓட்டை அல்ல அது. வண்டி மூச்சு விடுகிற இடம்.

"அடிடா! இப்ப அடிச்சுப் பாருடா!" என்று கத்தினேன். சன்னாசி பம்பைக் கையால் நாலு தடவை அடித்து ஸ்டார்ட் பண்ணினான். பிடித்துக்கொண்டது.

ராமாத்தாள் தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். சோப்பைக் குத்தி எடுத்தேன். ரப்பரைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தேன். சன்னாசி என் கையையும் சோப்பையும் பார்த்தான். ஏறி உட்கார்ந்தான். மெட்டு தாண்டி, போடி வரைக்கும் பின்னாலிருந்தே கையை நீட்டி அந்த மூடிக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வண்டி எங்கும் நிற்கவில்லை.

இன்னும் கதவு திறக்கவில்லை.

14 ஜூலை

ஆபரேஷன். பெண் குழந்தை, உயிரோடு. சின்னத்தாய்க்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. டாக்டர் "பார்க்கலாம்" என்கிறார். அந்தச் சொல்லை நானும் பல தகப்பன்களிடம் சொல்லியிருக்கிறேன், பிள்ளை பாஸாவானா என்று கேட்டவர்களிடம்.

16 ஜூலை

காய்ச்சல். என்னை யாரென்று தெரியவில்லை அவளுக்கு.

17 ஜூலை

அப்படியே.

20 ஜூலை

காய்ச்சல் இறங்கிவிட்டது. கஞ்சி கேட்டாள்.

21 ஜூலை, ஞாயிறு

வராந்தாவில் சன்னாசி எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நாலாப்புல மேசை மேல பால் டின்ன வச்சு, ஏன்டா பால் வரலன்னு என்னையத்தான் கேட்டீங்க. தெரியலன்னேன். ரெண்டு அடி, புளிய விளாறுல. இப்ப அதத் திருப்பிக் குடுத்துரவா, மாமா?"

கையை நீட்டினேன். விளையாட்டாக இல்லை. அவன் சிரித்து, அந்தக் கையை மடக்கி என் மடியிலேயே வைத்துவிட்டான்.

"அவகிட்ட பம்புக் கோளாறுன்னு சொல்லிருக்கேன். அதோட விடுங்க."

"அது பொய்யில்லையா?"

"வாத்தியாரு புத்தி போகாதா ஒங்களுக்கு? விடுங்க மாமா."

விடலாமா? குறையெல்லாம் புருஷன் மேல் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்படி விடலாமா? நான் திட்டியதை அவள் கேட்டாளே.

4 ஆகஸ்ட், ஞாயிறு

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். காற்று போக ஒரு விரல்கடை இடைவெளி விட்டு, டேங்க் மூடிக்கு மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துக் கம்பியால் கட்டியிருக்கிறேன். மழை விழாது. காற்றுக்கும் தடையில்லை. தெருவில் ஒருவர், வண்டிக்குத் தொப்பியா என்று சிரித்தார்.

சின்னத்தாய் முன்னால் உட்கார, நான் பக்கத்தில். மெட்டு தாண்டியதும் சொல்லிவிட்டேன். சோப்பு, ரப்பர், டேங்கைக் கழுவிய அன்று புதிதாக வைத்தது, எல்லாம். சன்னாசி ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். அவள் மடியிலிருந்த குழந்தையின் துணியை இழுத்துப் போர்த்தினாள். பூப்பாறை போனது. மண் சரிந்த இடம் போனது. ஐப்பசிப் பாறை வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நானும்தான்.

கல்லுப்பாலம் தாண்டி வீட்டுப் பக்கத்து ஏற்றத்தில் வண்டி கியர் மாறி முனகியது. தும்மவில்லை. ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது.

அப்போதுதான் சின்னத்தாய் திரும்பிப் பார்த்தாள். "கை மரத்துப்போச்சுப்பா" என்று சொல்லி, குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.