செனிலின் இடது கால்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு வசதியாக எதையும் மாற்ற மாட்டேன். தப்பு என்னுடையதாக இருந்தாலும் எழுதுவேன்.

இன்று காலை இருபத்து மூன்றாம் கூண்டில் ஒரு தாய்க்கிளி தன் குஞ்சைக் கூட்டுப்பெட்டியிலிருந்து வெளியே தள்ளிவிட்டது. பிறந்து பத்து நாள். கண் கீற்றுப்போலத்தான் திறந்திருக்கிறது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இந்தக் குட்டைவால் லவ்பேர்டுகள்தான். அப்பா மட்டும் நாற்பது ஜோடி வைத்திருக்கிறார். அவர் கையால் ஊட்டும் குஞ்சுகள் ஏற்கெனவே பதினாறு. "இது தாங்காது" என்று எடுத்து ஓரமாக வைத்தார். எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"புஸ்தகம் படிச்சு கிளி வளர்க்க முடியாது, வெனிங்."

"படிச்சுக்கிட்டே வளர்க்கறேன்ப்பா."

அக்கா லாரஸ் சிரித்தாள். "டாக்டரம்மா வந்தாச்சு, எல்லாரும் வரிசையில நில்லுங்க."

ரோஜா நிறத் தோல்மேல் வெள்ளைப் பஞ்சு. தேங்காய்ப் பூவில் புரட்டிய செனில் பலகாரம் மாதிரியே இருக்கிறது. எனவே பெயர் செனில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாவுக் கஞ்சியை மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். சுடவும் கூடாது, ஆறியும் இருக்கக் கூடாது. ஓரங்களை மடித்த கரண்டியால் ஊட்ட வேண்டும். கழுத்துக்குக் கீழே இருக்கும் தீனிப்பை சின்ன பலூன்போல உப்பும். அது வற்றிய பிறகுதான் அடுத்த வேளை. நான் பள்ளியில் இருக்கும்போது அம்மா ஊட்டுகிறாள்.

ஒன்று கண்டுபிடித்தேன். கஞ்சியைக் கலக்கிவிட்டுக் கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் மூன்று தடவை தட்டுவேன். டிங் டிங் டிங். அந்தச் சத்தம் கேட்டாலே செனில் தலையை ஆட்டிக்கொண்டு வாய் திறக்கிறது! அப்பா ஊட்டும் பதினாறும் இப்படிச் செய்வதில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

உண்மையை எழுதுவேன் என்று சொன்னேன். எழுதுகிறேன்.

செனிலின் இடது கால் பக்கவாட்டில் விரிந்து கிடக்கிறது. நிற்க முயன்றால் நீந்துவது போல வழுக்குகிறது. காரணம் நான். அப்பா மரத்தூள் போடச் சொல்லியிருந்தார். குஞ்சு அதைத் தின்றுவிடும் என்று எங்கேயோ படித்ததால் நான் செய்தித்தாளை விரித்தேன். வழவழவென்று சுத்தமாக இருந்தது. ஒட்டி உட்கார உடன்பிறப்புகளும் இல்லை. பத்து நாளாகக் கால் ஊன்ற இடமே இல்லாமல் –

அப்பா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "கொம்பைப் பிடிக்கத் தெரியாத கிளியைக் கூட்டத்தோட விட முடியாது. மத்ததெல்லாம் கொத்தியே கொன்னுடும்" என்றார். இறகு முளைப்பதற்குள் கால் நேராக வேண்டும். எலும்பு முற்றிவிட்டால் அவ்வளவுதான்.

எனக்கு ஏன் அவ்வளவு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு?

ஆகஸ்ட் 13, புதன்

பாத்திரம் தேய்க்கும் பஞ்சை விரலளவு வெட்டி, இரண்டு துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு காலை நுழைத்தேன். இப்போது கால்கள் நேராகக் கீழே நிற்கின்றன. பெட்டியில் சுருட்டிய துணி, அதன்மேல் மரத்தூள். லாரஸ், "கிளிக்குக் கால்சட்டை தைச்சுட்டா" என்றாள். ஆனால் நான் பஞ்சை மாட்டும்போது குஞ்சைப் பிடித்துக்கொண்டது அவள்தான். அதையும் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று எங்கள் நாட்டின் சுதந்திர தினம். கயிற்றில் தொங்கும் அப்பளத்தைக் கை படாமல் தின்னும் போட்டியில் நான்தான் முன்னால் இருந்தேன். மணி பத்தாகிவிட்டது. செனிலின் வேளை. பாதி அப்பளத்தோடு ஓடி வந்துவிட்டேன். பரிசு அடுத்த வீட்டு ரெத்னோவுக்கு.

ஆகஸ்ட் 20, புதன்

பஞ்சை மாற்றினேன். கால் பழையபடி விரிகிறது. கொஞ்சம் குறைவாகவா, இல்லை எனக்கு அப்படித் தோன்றுகிறதா? குறைவு என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியவில்லை என்றுதான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நின்றது! பஞ்சு இல்லாமல், என் சுட்டுவிரலை இரண்டு காலாலும் பிடித்துக்கொண்டு! இடது கால் இன்னும் நடுங்குகிறது. ஆனால் பிடித்தது, பிடித்தது, பிடித்தது.

அப்பா வந்து குனிந்து பார்த்தார். போய், மெல்லிய கொய்யாக் கொம்பு ஒன்றைச் சீவிக் கொண்டுவந்து வைத்தார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

உடம்பு முழுக்கப் பச்சை, முகம் ஆரஞ்சு. அலமாரியிலிருந்து என் தோளுக்குப் பறக்கிறது. டிங் டிங் டிங் என்று தட்டினால் எந்த அறையிலிருந்தும் வந்துவிடும். அடுத்த வாரம் வெளியே விட்டுப் பார்க்கலாம் என்று அப்பா சொன்னார். கையால் வளர்த்த கிளி திறந்த வெளியில் பறந்துவிட்டு, அழைத்தால் திரும்பி வர வேண்டும். அதுதான் எங்கள் ஊரில் பரீட்சை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நான், அப்பா, லாரஸ் மூன்று பேரும் செனிலை அறுத்த வயலில் விட்டோம். முதல் தடவை தட்டியதும் வந்தது. இரண்டாம் தடவையும் வந்தது. நான் லாரஸைப் பார்த்தேன், அவள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

மூன்றாம் தடவை அது தென்னைகளுக்கு மேலே இருந்தது. நான் கரண்டியைத் தூக்குவதற்குள் சாலையிலிருந்து சத்தம் வந்தது. டிங் டிங் டிங்.

பக்ஸோ வண்டி! டுகிரன் மாமா கறி உருண்டை சூப் விற்க வருகிறார். எல்லா பக்ஸோ வண்டிக்காரர்களும் கிண்ணத்தில் கரண்டியைத் தட்டித்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். பிறந்ததிலிருந்து தினமும் கேட்கிற சத்தம், எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?

செனில் வானத்திலேயே திரும்பி நேராகச் சாலைக்குப் போய்விட்டது. மூன்று பேரும் வரப்பில் விழுந்தடித்து ஓடினோம். அது வண்டியின் கண்ணாடிப் பெட்டிமேல் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து காட்டிக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டுப் புள்ளையா?" என்றார் டுகிரன் மாமா. "காரம் போடவான்னு ரெண்டு தடவை கேட்டுட்டேன், பதிலே சொல்ல மாட்டேங்குது."

தெருவே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு சாண் தள்ளிச் சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. "இந்த ஊர்ல நாலு வண்டி வருது. இனிமே இது வெளியில வராது" என்றார்.

செப்டம்பர் 15, திங்கள்

வேறு சத்தம் வேண்டும். ஊரில் யாரும் எழுப்பாத சத்தம். விசில் எல்லாரும் அடிக்கிறார்கள். கைதட்டல் வேண்டாம்.

"நீ வாய்ப்பாடு சொல்ற ராகத்தைப் போடேன்" என்றாள் லாரஸ். "உலகத்துல வேற யாரும் அப்படி இழுக்க மாட்டாங்க."

கிண்டல்தான். ஆனால் யோசித்தால் சரி. இன்று முதல் கிண்ணத்தைத் தட்டுவதில்லை. ஒவ்வொரு வேளையும் ஏழாம் வாய்ப்பாடு.

செப்டம்பர் 24, புதன்

இன்று டுகிரன் மாமா வாசலில் நின்று நெடுநேரம் தட்டினார். செனில் என் தோளிலிருந்து அந்தப் பக்கம் தலையைத் திருப்பியது. நான் "ஓரேழு ஏழு" என்றேன். திரும்பி என் வாயைப் பார்த்தது. அப்பா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை, ஒரு தடவை மட்டும்" என்றார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அப்பாவின் நண்பர்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் கத்த வெட்கமாக இருந்தது. செனில் வயலைத் தாண்டி, கரும்புக் கொல்லையைத் தாண்டிப் போனது. சாலையில் ஒரு வண்டி தட்டிக்கொண்டு போனது. செனில் ஒரு பச்சைப் புள்ளியாகி, பிறகு புள்ளியும் இல்லை.

கத்தினேன். ஓரேழு ஏழு. ஈரேழு பதினான்கு. யாரோ பின்னால் சிரித்தார்கள். ஆறேழில் என் குரல் உடைந்தது. எட்டேழு ஐம்பத்தாறு சொல்லும்போது கொல்லைக்கு மேலே ஒரு பச்சை. மூச்சு வாங்கியது. சொல்வதை நிறுத்திவிட்டேன்.

"ஒன்பதேழு அறுபத்துமூணு" என்று பக்கத்தில் ஒரு குரல், என் ராகத்திலேயே. அப்பா!

செனில் என் கைமேல் வந்து இறங்கியது. அவர்களில் ஒருவர், "எந்த ஜோடியோட குஞ்சு, சர்ஜோனோ?" என்று கேட்டார். அப்பா கூண்டு எண்ணைச் சொல்லவில்லை. "என் சின்ன மகளோட குஞ்சு" என்றார். வீடு வரை அதை அவரே தூக்கி வந்தார், பார்த்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு. நான் பின்னால் நடந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் உண்மையாக எழுதுகிறேன்: மிகவும் பெருமையாக இருந்தது.

இப்போது செனில் கொய்யாக் கொம்பில் தூங்குகிறது. வலது காலை வயிற்று இறகுக்குள் மடித்துக்கொண்டு, இடது காலில் மட்டும் நிற்கிறது. அசையவே இல்லை. லாரஸும் எழுந்து வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அவளே விளக்கை அணைத்துவிட்டா –