செத்துப்போன கார்டின் பெயர்

மார்ச் 3, திங்கள்

காலையில் மறுபடி அதே கூத்து. கரண்ட் போய் வந்தது. விலங்கு மருத்துவமனையின் சர்வர் எழுந்தது, அதன் நெட்வொர்க் மட்டும் எழவில்லை. எக்ஸ்ரே அறையில் எடுத்த படம் அறுவை அறைத் திரைக்குப் போகவேண்டுமானால் நான் மேஜைக்கடியில் தவழ்ந்து ஒரு கட்டளை தட்டவேண்டும். தட்டினால் சமர்த்தாக ஓடுகிறது. தானாக ஓடச் சொல்லித்தானே அமைத்திருக்கிறேன்? சர்வரை ஓட்டும் லினக்ஸுக்குக் காது கேட்காதா?

டாக்டரம்மாவிடம் லீவு கேட்டேன். தங்கைக்கு இந்த மாதம் பிரசவம். அவளுக்குத் துணையாக இருக்க என்னைவிட்டால் ஆள் இல்லை.

"நீ தட்டினாத்தான் அது எழுந்திருக்கும்னா உன்னை எப்படி அனுப்பறது? முதல்ல அதைத் தானா எழுந்திருக்க வை. அப்புறம் ஒரு மாசம் வேணாலும் போயிட்டு வா."

நியாயமான பேச்சு. அதனால்தான் இன்னும் எரிகிறது.

மார்ச் 4, செவ்வாய்

கேபிளை மாற்றினேன். சுவிட்சை மாற்றினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அசையவில்லை.

மார்ச் 6, வியாழன்

பிடித்துவிட்டேன்!

போன மாதம் இடி இறங்கி நெட்வொர்க் கார்டு கருகியது, புதியது போட்டோம். லினக்ஸ் அதற்கு வாயில் நுழையாத ஒரு புதுப்பெயர் வைத்துவிட்டது. எங்கள் அமைப்புக் கோப்போ இன்னும் செத்துப்போன கார்டைத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. யார் வருவார்? கையால் தட்டும்போது நான் பெயரே சொல்வதில்லை — இருக்கிறவன் எழுந்திரு என்கிறேன், எழுகிறான். பெயரைத் திருத்தினேன். அணைத்துப் போட்டேன். தானாக வந்தது.

ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டுமே என்று, இணையத்தில் ஒரு மகானுபாவர் சிபாரிசு செய்திருந்த இன்னொரு நெட்வொர்க் நிர்வாகி மென்பொருளையும் பழையதோடு சேர்த்து நிறுவிவைத்தேன்.

தங்கைக்கு ஃபோன் போட்டேன். "அப்போ அந்தப் பெட்டிக்குப் பிரசவம் ஆயிடுச்சா? இனிமே எனக்குப் பிரசவம் பாக்க வருவியா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் குரலை இறக்கினாள். "பயமா இருக்குக்கா."

நாளை மறுநாள் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

சொல்லியிருக்கக் கூடாது.

ஒரு தையல்காரம்மாவின் பூனை ஊசியை விழுங்கிவிட்டது. மயக்க மருந்து கொடுத்தாயிற்று, வயிற்றைத் திறக்கப்போகிறார்கள் — திரையில் படம் வருகிறது, போகிறது, வருகிறது, போகிறது. முன்பு பிணமாகக் கிடந்தது, இப்போது பேய் பிடித்து ஆடுகிறது.

"ஊசி எங்கே இருக்குன்னு தெரியாம நான் எங்கே வெட்டறது?" டாக்டரம்மா கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். கத்தியிருக்கலாம்.

எக்ஸ்ரே அறைக்கு ஓடி, படம் இருந்த கம்ப்யூட்டரையே மேஜையோடு உருட்டிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு பூந்தொட்டி போயிற்று. டாக்டரம்மா பார்த்தார், வெட்டினார், எடுத்தார். வெளியே தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும்மா" என்றார். அந்தப் பேயை ஏவியதே நான்தான் என்று எப்படிச் சொல்வது? தலையாட்டினேன். தூ.

தங்கையிடம், "கொஞ்சம் தள்ளிப்போகும்டி" என்றேன். "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை.

மார்ச் 8, சனி

இன்று எதையும் மாற்றவில்லை, திட்டவில்லை. உட்கார்ந்து சர்வர் எழுதிவைத்த பதிவுகளை வரிவரியாகப் படித்தேன். ஒரே கார்டுக்கு இரண்டு நிர்வாகிகள். பழையவன் ஒரு முகவரி வாங்கிக் கொடுக்கிறான், மகானுபாவரின் ஆள் அதைத் தள்ளிவிட்டு வேறொன்று மாட்டுகிறான். ஒரே சமையலறையில் இரண்டு மாமியார்கள்! புதியவனை மூட்டைகட்டி அனுப்பினேன். நிம்மதி.

மார்ச் 10, திங்கள்

டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, "நீங்களே பிடுங்குங்க" என்றேன். சர்வரின் பிளக்கைப் பிடுங்கினார். மாட்டினார். படம் வந்தது. மறுபடி பிடுங்கினார். வந்தது. அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது, இன்னொரு முறையும் பிடுங்கினார்.

"இன்னும் ஏன் நிக்கறே? கிளம்பு."

மார்ச் 14, வெள்ளி

பெண். தலை நிறைய முடி, முகம் நிறையக் கோபம்.

டாக்டரம்மா செய்தி அனுப்பியிருக்கிறார்: "காலைல ரெண்டு தடவை கரண்ட் போச்சு. யாரும் உன்னைத் தேடலை." முதலில் சுருக்கென்றது. அப்புறம் சிரிப்பு வந்தது.

குழந்தையை என்னிடம் தள்ளிவிட்டுத் தங்கை வாய் பிளந்து தூங்குகிறாள். பதில் தட்டவேண்டும். ஒரு கையில் குழந்தையின் தலை. இன்னொரு கையின் விரலை அது விடுவதாக இல்லை.

இதைக்கூடக் குழந்தை விரலை விட்டபிறகுதான் எழுதுகிறேன்.