கொதிகுழாய் வெடித்தது பற்றிய என் முறைப்பாட்டை மீளப் பெறுதல்

அனுப்புநர்:
ப. ராஜலிங்கம்,
தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி,
ஹுன்னஸ்கிரிய.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்விப் பணிமனை.

விடயம்: தொண்டர் ஆசிரியை ரிஸ்னா அவர்களை மீண்டும் உயர்தர வகுப்புக்கு அனுமதிக்கக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. கடந்த ஆகஸ்ட் 26ஆம் திகதி எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் கொதிகுழாய் என்னும் கண்ணாடிக் குழாய் ஒன்று வெடித்து, உயர்தரம் படிக்கும் என் மகள் நிரோஷாவின் முன்கையில் காயம் ஏற்பட்டது. இரசாயனவியல் ஆசிரியை ரிஸ்னா அருகில் இல்லாததே காரணம் என்று மறுநாளே தங்களுக்கு முறைப்பாடு எழுதினேன். அதை இத்தால் மீளப் பெறுகிறேன்.

2. பெரிய ஐதரோகாபன்களை வெப்பத்தாலும் ஊக்கியாலும் சிறியனவாக உடைக்கும் முறைகளைப் பிள்ளைகள் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்தார்கள். கண்ணாலும் காணட்டும் என்று ரிஸ்னா டீச்சர் மடவளையிலிருந்து பஸ்ஸில் வரும்போது அதற்கான திரவப் பரபின் எண்ணெயைத் தாமே வாங்கி வந்தார். சூடான பீங்கான் துண்டுகள் மேல் பரபின் ஆவியைச் செலுத்தி, வரும் வாயுவைத் தண்ணீருக்குள் கவிழ்த்த குழாயில் சேர்ப்பதுதான் பரிசோதனை. முடிக்கும்போது, வாயு வரும் போக்குக் குழாயை முதலில் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டு, பிறகே சுடரை அணைக்க வேண்டும். என் மகள் முதலில் சுடரை அணைத்துவிட்டாள். உள்ளிருந்த வாயு சுருங்க, குளிர்ந்த தண்ணீர் போக்குக் குழாய் வழியே ஏறிச் சூடான கொதிகுழாய்க்குள் புகுந்தது, அது வெடித்தது.

3. இதை அவள் என்னிடம் சொன்னது சென்ற ஞாயிற்றுக்கிழமைதான். "டீச்சர் மூணு தடவ சொன்னாங்கப்பா. நாந்தான் மாத்திச் செஞ்சிட்டேன்" என்று அழுதாள். பத்தொன்பது வருடமாகத் தொழிற்சாலை இயந்திரங்களை ஒழுங்கு தவறாமல் நிறுத்தி வருபவன் நான். பிழை யாருடையது என்று விளங்க எனக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

4. இரசாயனவியலுக்கு ஆசிரியர் கேட்டுப் பெற்றோர் நாங்கள் இரண்டு வருடம் மனுக் கொடுத்தோம், ஒருவரும் வரவில்லை. தொண்டராக வந்தவர் ரிஸ்னா டீச்சர் மட்டுமே. என் ஒரு கடிதத்துக்கு மூன்றாம் நாளே ஆசிரியையை நிறுத்தினீர்கள். இதைக் குறையாகவே எழுதுகிறேன், பொறுத்தருளவும். இப்போது ஒன்பது பிள்ளைகள் அந்தப் பாடவேளையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரமே உள்ளது.

5. இன்னொன்றையும் மறைக்க மனம் இடம் தரவில்லை. குழாய் வெடித்தபோது டீச்சர் என் மகளின் முகத்துக்கு முன்னால் தன் கையை நீட்டியதாக அவள் சொல்கிறாள். அன்று ஆஸ்பத்திரியில் அவர் உள்ளங்கையில் கட்டுடன் நின்றதை நானும் கண்டேன். கண்ட பிறகும், ஆத்திரத்தில், அவர் அருகில் இல்லை என்று எழுதினேன்.

ஆகவே விசாரணை செய்வதானால் என்னை அழையுங்கள். எங்கு வரச் சொன்னாலும் வருகிறேன். அவரை வகுப்புக்கு அழையுங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பொய் முறைப்பாடு எழுதிய
ப. ராஜலிங்கம்
(கையொப்பம்)

இடம்: ஹுன்னஸ்கிரிய
திகதி: 2025 செப்டெம்பர் 18