ஸ்டெல்லா எடுத்த படங்கள்

பிரசன்னா,

ஆபீஸ் கேப் கீழே வந்துவிட்டது. உங்களை எழுப்பவில்லை. எழுப்பினால் நேற்று விட்ட இடத்திலிருந்து மறுபடி சண்டை தொடங்கும்.

ரசமும் பீன்ஸ் கறியும் சமையல் மேடைமேல் இருக்கின்றன. மிதுலாவுக்குச் சாதத்தைக் குழைத்து ஊட்டுங்கள். வாசல் கதவைக் காட்டி அழுதால் திட்டாதீர்கள். ஸ்டெல்லா வருவாள் என்று பொய்யும் சொல்லாதீர்கள்.

புதுப் பெண் சுகந்தியை அவள் மாமா காலையில் லாலாகுடாவிலிருந்து கூட்டி வருகிறார். நம் கொண்டாப்பூர் வந்ததும் போன் செய்வார்கள். நீங்களே இறங்கிப் போங்கள், வாட்ச்மேனை அனுப்பாதீர்கள். இவளும் குழந்தையைப் பார்த்துக்கொண்டு நம்மோடேயே தங்கப் போகிறவள். ஸ்டெல்லா இருந்த அறையையே கொடுங்கள்.

"எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி இரும்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஸ்டெல்லாவிடம் அதைத்தான் சொன்னோம். மிதுலாவின் பிறந்தநாளன்று புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு நம் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கையில் கேமராவைக் கொடுத்தீர்கள். நானும் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு சும்மா நின்றேன். "நில்லுங்கக்கா, நானே எடுக்கறேன்" என்று சிரித்தாள். அந்த வாரமே பெட்டியைக் கட்டிவிட்டாள். "போட்டோ எடுக்கச் சொன்னது ஒரு குத்தமா?" என்று நீங்கள் இன்னும் கேட்கிறீர்கள்.

நான் வர நேரமாகும். சாப்பிட்டுவிடுங்கள்.

வித்யா

பி.கு.: பிறந்தநாள் படங்கள் பிரிண்ட் போட்டு வந்துவிட்டன, டிவி மேல் இருக்கின்றன. நாம் இருவரும் கேக்கைப் பார்க்கிறோம். மிதுலா மட்டும் எல்லாப் படத்திலும் கேமராவைப் பார்த்துக் கைநீட்டிச் சிரிக்கிறாள். கேமராவுக்குப் பின்னால் நின்றது ஸ்டெல்லா.