இரண்டு சின்னம், ஒரே வண்டி

அண்ணா,

இன்று காலை பாகலூர் ரோட்டுப் பண்ணையில் ரோஜாப் பெட்டிகள் ஏற்றினேன், பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு. பின் சீட்டை மடக்கி அடுக்கியதும் வண்டி முழுக்க அந்த வாசனை. தலையில் வைக்கிற ரோஜா வாசனை இல்லை. குளிர் அறையில் கிடந்த ரோஜாவின் பச்சை வாசனை, காம்பு நறுக்கின ஈர வாசனை. நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றும் இதே லோடுதான் அடித்திருந்தேன். உன் பிள்ளைகளைக் கூட்டிவரப் போன காலையிலும் அது வண்டியை விட்டுப் போயிருக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடுதாசி. நாலாவது வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன், தப்பிருந்தால் கேலி பண்ணிக்கொள். நான் உன்னைப் பண்ணினதற்கு அது ரொம்பக் கொஞ்சம்.

நம் கார் ஸ்டாண்டில் கட்சிச் சண்டை என்ன புதிதா? நீ ஒரு கொடி, நான் ஒரு கொடி. தேர்தல் வந்தால் உன் வண்டி முன்னால் உன் தலைவர், என் வண்டி முன்னால் என் தலைவர். "உங்க ஆளு திருடன்" என்பேன். "உங்க ஆளு திருடவும் தெரியாத ஆளு" என்பாய். அடுத்த சவாரிக்கு முன்னால் ஒரு டீயை இரண்டு டம்ளரில் பிரித்துக் குடிப்போம். கட்சிச் சண்டை என்றால் இவ்வளவுதான் என்று இருந்தேன். அமெரிக்காவிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்ததுதான் என் முதல் தப்பு.

உன் மகள் ஸ்டெல்லா அங்கே பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். அருள் வேறு மாநிலத்தில், சின்ன ஊரில், கார் பாகம் செய்கிற கம்பெனியில் இஞ்சினியர். இரண்டு பேருக்கும் அங்கே ஓட்டு உண்டு. அக்கா ஒரு கட்சி, தம்பி எதிர்க்கட்சி.

"அங்க பெருசா ரெண்டே சின்னம்தான்டா. ஒண்ணு யானை, இன்னொண்ணு கழுதை" என்று நீ சொன்ன நாளில் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"ஸ்டெல்லா எதுண்ணா?"

"கழுதை."

"அருளு?"

"யானை."

"அப்ப நீ யாரு, சர்க்கஸ்காரனா?"

நீயும் சிரித்தாய். அதற்கப்புறம் அது சிரிக்கிற விஷயமாக இல்லாமல் போய்விட்டது. ஒரு பண்டிகைக்கு ஸ்டெல்லா பிள்ளைகளோடு அருள் வீட்டுக்குப் போனாள். வாசல் புல்தரையில் யானைக் கட்சிப் பலகை நட்டிருந்தது. "இதை எடு, அப்புறம் உள்ள வரேன்" என்றாள். "என் வாசல், என் பலகை" என்றான் அவன். விருந்து மேஜையில் ஆறிக்கொண்டிருக்க, அவள் ஒரு வாய் சாப்பிடாமல் ஏழு மணி நேரம் வண்டி ஓட்டித் திரும்பிப் போனாள். பிறகு பேஸ்புக்கில், ஊரே பார்க்க, ஒருவரை ஒருவர் திட்டி எழுதிக்கொண்டார்கள். அதை நீ எனக்குப் படித்துக் காட்டவில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாய். இரண்டு வருஷம் அவர்களுக்குள் பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து நேரே ஸ்டாண்டுக்கு வருவாய். என் வண்டி ஏசி நன்றாக இருக்கும் என்று என் முன் சீட்டில் உட்கார்ந்துதான் அமெரிக்காவுக்குப் போன். முதலில் ஸ்டெல்லா, பிறகு அருள். நான் பக்கத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு காதை உன்னிடம் கொடுத்திருப்பேன். அந்தப் பக்கம் பேசுவது கேட்காது, உன் பேச்சு மட்டும்தான்.

ஸ்டெல்லாவிடம் நீ சுத்தமான யானைக் கட்சி. "பதினெட்டு வருசம் வெல்டிங் பண்ணவன்மா. கம்பெனிய மூடி வேலைய வெளிநாட்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப மளிகைக் கடையில பை கட்டிக்கினு இருக்கான். அவனுக்குக் கோவம் வரக்கூடாதா? அவனைப் போய் முட்டாள்னு சொல்றியே."

போனை வைத்து, தண்ணீர் குடித்து, அருளைக் கூப்பிட்டால் அப்படியே கழுதைக் கட்சி. "மாசமா இருக்கிற பொம்பளைடா. ரத்தம் போவுது. அந்த நாட்டுல இருக்கக் கையில பேப்பர் இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போனா புடிச்சிடுவாங்கன்னு மூணு நாளு வீட்டுலயே கிடக்கறா. இதுக்கு நீ என்ன சொல்ற?"

ஏசிக் காற்றிலும் உன் கழுத்து வேர்க்கும்.

எனக்கு என்ன தோன்றும், நீயே சொல். மகளிடம் ஒரு பேச்சு, மகனிடம் ஒரு பேச்சு. பச்சோந்தி என்று பேர் வைத்தேன். "பச்சோந்தியாவது உக்காந்த இலை கலருக்கு மாறும். நீ இலைக்கு எதிர் கலருக்கு மாறுறியே அண்ணா" என்றேன். பேர் ஸ்டாண்டு முழுக்க ஒட்டிக்கொண்டது. ஒரு ஞாயிறு எல்லா டிரைவர்களும் இருக்கும்போது, "பச்சோந்தி அண்ணா, இன்னைக்கு யானையில ஏறுறியா, கழுதையில ஏறுறியா?" என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. உன் வண்டிக்குப் போய், ஏசி ஓடாத அந்த வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசினாய். சித்திரை வெயில். மூன்று ஞாயிறு அப்படி. நாலாவது வாரம் நீயாகவே என் கதவைத் திறந்து உட்கார்ந்தாய்.

"வாய மூடிக்கினு பேப்பர் படி" என்றாய். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வந்தது இன்னொரு கேலி.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்தின கையால் என் சட்டையைப் பிடித்தாய். "ரெண்டு பேரையும் ஒரே வண்டியில கூட்டியா. உன் வண்டியில."

"அதுங்க வர்றதுக்குள்ள நீ எழுந்து, என் ஏசிக்கே வந்து உக்காந்துடுவே."

"கேலி வேணாம்டா. தனித்தனி வண்டியில வந்தா ஒண்ணை ஒண்ணு பாக்காமலே திரும்பிப் போயிடும்."

மறுநாள் நீ இல்லை.

இரண்டு விமானமும் ஒரு மணி நேர இடைவெளியில் வந்தன. ஸ்டெல்லா முதலில். பின் சீட்டில் உட்கார வைத்தேன், தம்பி வருவதைச் சொல்லவில்லை. அருள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், இறங்கப் போகிறவள் மாதிரி. அவன் அப்படியே நின்றான்.

"நான் வேற டாக்ஸி பாத்துக்கறேன், சித்தப்பா."

"உங்க அப்பா கடைசியா கேட்டது இது ஒண்ணுதான்பா. ரெண்டு பேரும் ஏறினாத்தான் வண்டி நகரும். அடக்கம் நாலு மணிக்கு."

முன்னால் ஏறி கதவைச் சாத்தினான். வண்டி அதிர்ந்தது.

ஹெப்பால் தாண்டும் வரை ஒரு சத்தம் இல்லை. இருமக்கூட பயமாக இருந்தது. என்னைத்தான் உனக்குத் தெரியுமே, சும்மா இருந்தால் நாக்கு அரிக்கும். "முன்னாடி யானை, பின்னாடி கழுதை. வண்டி எந்தப் பக்கம் சாயுமோ" என்றேன்.

அருள் திரும்பவே இல்லை. "அப்பா ஐஸ் பெட்டியில இருக்கார். உங்களுக்கு ஜோக்கா இருக்கா சித்தப்பா?"

என் காது சுட்டது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பின்னாலிருந்து ஸ்டெல்லா, "அவர் ஜோக்குதான் அடிச்சாரு. நீ மனுசங்களையே ஜோக்கா நினைக்கற ஆளு" என்றாள்.

பிடித்துக்கொண்டது. நெருப்பு வைத்தவன் நான்.

"நான் விசா வரிசையில நின்னு வந்தேன். நீயும் அப்படித்தான் வந்தே. வரிசையை மீறி வர்றவனுக்கு நீ ஏன் பரிஞ்சு பேசறே?"

"நிக்க வரிசையே இல்லாதவங்க எங்கடா போய் நிப்பாங்க?"

"உங்க நகரத்து ஆளுங்களுக்கு எங்க ஊர்ல இருக்கறவன் எல்லாம் மிருகம்."

"நாங்க சொல்லல. நீதானே வாசல்ல யானைப் பலகை நட்டு வெச்சிருக்கே."

சில்க் போர்டு நெரிசலில் இங்கிலீஷுக்கு மாறினார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ரைட், லெப்ட், ரிவர்ஸ். ஆனாலும் ஒன்று புரிந்தது. அக்கா சொல்ல வந்ததை தம்பி முடிக்க விடவில்லை, தம்பி சொல்ல வந்ததை அக்கா முடிக்க விடவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பேச்சுகூட கடைசி வரை போய்ச் சேரவில்லை.

அத்திப்பள்ளி மாநில எல்லையில் வண்டி வரிசை. வண்டி நிற்கிறதா ஊர்கிறதா என்று தெரியாத நேரத்தில் அருள் கதவைத் திறந்து இறங்கிவிட்டான்.

"டிக்கியைத் திறங்க."

"அருளு, இன்னும் பத்து கிலோமீட்டர்தான்பா..."

"டிக்கியைத் திறங்க சித்தப்பா. நான் ஆட்டோவில வரேன். அடக்கத்துக்கு நிப்பேன், ராத்திரியே கிளம்பிடுவேன். இவ கூட ஒரே வீட்டுல இருக்க முடியாது."

டிக்கி திறக்கிற லீவர் என் வலது கைக்குக் கீழேதான் இருந்தது. உன்னிடம் ஒத்துக்கொண்ட ஒரே காரியம் இப்படி எல்லையில் வந்து சாகிறதே என்று இருந்தது. அந்த லீவரை இழுக்கவில்லை.

ஸ்டெல்லா கண்ணாடியை இறக்கினாள். "போடா. உனக்கென்ன? அப்பாவே கடைசி வரைக்கும் உன் பக்கம்தானே. வாரா வாரம் உன் கட்சியைத்தான் என்கிட்ட பேசினாரு."

அவன் பெட்டிக்காக நீட்டின கையை இறக்கினான். "என்ன சொன்னே? அப்பா என் பக்கமா? வாரா வாரம் உன் கட்சியைப் பேசித்தான் என் உயிரை எடுத்தாரு! போன ஞாயிறுகூட அந்த மாசமான பொம்பளை கதை. எந்த டீவியில பாத்தாரோ, மூணு தடவை சொன்னாரு."

பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. போலீஸ்காரர் ஒருவர் கன்னடத்தில் கத்தியபடி வந்தார். நான் எதையும் கேட்கவில்லை, கண்ணாடியில் ஸ்டெல்லா முகத்தைத்தான் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது.

"அது டீவி இல்லடா" என்றாள். "அது என் வார்டு. நான்தான் அவ கையைப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். அப்பா ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்."

அருள் அவள் ஜன்னலுக்குக் கிட்டே வந்தான்.

"அப்ப அந்த வெல்டர்?" என்றாள் அவள். "மளிகைக் கடையில பை கட்டறவர்?"

"என் பக்கத்து வீட்டுக்காரர்" என்றான். "நான் போன முதல் குளிர்ல, எனக்குத் தெரியாமலே என் வண்டி மேல இருந்த பனியை அள்ளிப் போட்டவர். அந்தப் பலகை அவருக்காகத்தான் நட்டேன்."

போலீஸ்காரர் என் பானெட்டைத் தட்டினார். ஹாரன் காதைக் கிழித்தது. அருள் கைக்கு எட்டின கதவைத் திறந்து ஏறினான். அது பின் கதவு.

அவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய். அப்படி ஒன்றும் இல்லை. எல்லையைத் தாண்டினதும், "அந்தம்மா பொழைச்சாங்களா?" என்று கேட்டான். "குழந்தை பொழைச்சுது" என்றாள். ஜூஜுவாடி தாண்டுவதற்குள் மறுபடி சண்டை. ஆனால் இந்தத் தடவை தமிழில், மெதுவாக. அவள் சொல்லி முடிக்கும் வரை அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். முடித்த பிறகுதான் "இல்ல" என்றான்.

நான் ஓட்டிக்கொண்டே வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னதைத் தம்பிக்கும் தம்பி சொன்னதை அக்காவுக்கும், யார் சொன்னது என்று சொல்லாமல், உன் பேச்சு மாதிரி கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாய். பேரைச் சொல்லியிருந்தால் போனை வைத்துவிட்டிருப்பார்கள். அதற்காக இரண்டு பேரிடமும் எதிரியாக நின்றாய். பிள்ளைகள் இரண்டும், அப்பா தன் பக்கம் இல்லை என்றே நினைத்துக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தன. அது உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது. கோபம் இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. என் வாய் உனக்குத் தெரியும். ஸ்டெல்லா எனக்கும் போன் பண்ணுவாள், ஒரே நாளில் உளறிக் கொட்டியிருப்பேன். அந்த வாய்க்குப் பயந்துதான், அதே வாய் வைத்த பேரை ஸ்டாண்டு நடுவில் நின்று வாங்கிக்கொண்டாய்.

உன் அடக்கம் முடிந்த வாரம் ஸ்டாண்டில் எல்லாரையும் கூப்பிட்டு, "அண்ணனுக்குப் பச்சோந்தின்னு பேர் வெச்சது தப்பு, நான்தான் முட்டாள்" என்றேன். சிரித்தார்கள் அண்ணா. நான் ஏதோ புதுக் கேலி ஆரம்பிக்கிறேன் என்று நினைத்து, மீதியைச் சொல்லு என்று காத்திருந்தார்கள். மீதி ஒன்றும் இல்லை என்று அவர்களுக்குப் புரியவைக்க எனக்கு வழி தெரியவில்லை. அந்தப் பேரை உன்மேலிருந்து எடுக்க இன்னும் முடியவில்லை. அதைச் சுமந்துகொண்டுதான் வண்டி ஓட்டுகிறேன்.

பிள்ளைகள் இரண்டு பேரும் இப்போது ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் பண்ணுகிறார்கள். அவர்களுக்குள் நேராகப் பேசுவது பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும்தான், அதுவும் குழந்தைகளை முன்னால் தள்ளிவிட்டு. போன வாரம் அருள் அவன் ஊர் விஷயம் ஒன்றை நீளமாகச் சொன்னான். அந்த நாட்டு எல்லையில் ஆள் வைத்துக் காக்க வேண்டும் என்று அவன் ஏன் நினைக்கிறான், அவன் தெருவில் என்ன நடந்தது என்று. முடித்துவிட்டு, "இதை அக்காகிட்ட சொல்லுங்க சித்தப்பா" என்றான்.

"யாரோ சொன்னாங்கன்னு சொல்லட்டுமா?"

"வேணாம். நான் சொன்னேன்னே சொல்லுங்க."

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். ஒரு வார்த்தை கூட்டாமல், நடுவில் ஒரு கேலி செருகாமல் சொல்ல வேண்டும். வண்டியை ரிவர்ஸில் மலை ஏற்றினதுபோல இருந்தது. பாதியில் அவள், "அவன் சொல்றது தப்பு சித்தப்பா" என்றாள்.

நான் நிறுத்திவிட்டேன். போன் வைக்கும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

"அப்புறம் என்ன சொன்னான்? முழுசா சொல்லுங்க" என்றாள்.