தோல்விக்குள் தோல்

சகல ஜனங்களுக்கும் பெருமதிப்புடன் அறிவிப்பது என்னவென்றால்: இன்று காலை நம் வகுப்பு குரூப்பில் "ஆம்பூர் பஸ் போய்ட்டுதா?" என்று கேட்ட லீடருக்கு, நாம் எழுதி வைத்த பாட் புரோகிராம் தானாகவே, "மல்லியா முல்லையா, எத்தினி மொழம்?" என்று பதில் அளித்துள்ளது. ஆம்பூருக்குள் ஒரு பூ இருப்பது உனக்கும் எனக்கும் அதற்கும் மட்டும்தான் தெரியும்.

சிரித்துக்கொண்டே உனக்கு அனுப்பப் போனேன். உன் பெயரைத் தொட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. பஸ் அப்போது தோல் பதனிடும் டேனரி ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. உன் அப்பா சட்டையிலும் உன் புத்தகப் பையிலும் இருந்த அதே நாற்றம். எல்லாரும் மூக்கை மூடினார்கள். நான் மூடவில்லை.

கம்ப்யூட்டர் லேபில் நீ சொன்னது: "மெசேஜுக்குள்ள இந்த வார்த்தை இருந்தா இந்த ஃபங்ஷன் ஓடி பதில் சொல்லணும். பைத்தான்ல 'இன்' போட்டா போதும்."

"'இன்'னா இன்னா?"

"உள்ள இருக்குதான்னு பாக்கும். எழுத்து மட்டும்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. உன்ன மாதிரி."

கோடு எழுதுவது உனக்கு, கலாட்டா எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். ஒரே பீரியடில் எல்லா ஜோக்கையும் எழுதித் தள்ளியவன் நான். பூ வந்தால் பூக்காரம்மா. தோல் வந்தால், "வந்துட்டுதா? ஊறப் போடு, ஊரே மணக்கட்டும்!" உன் அப்பா வேலையைக் கிண்டலடிக்கத்தான் எழுதினேன். நீதான் முதலில் சிரித்தாய்.

அப்புறம் ரத்தத்தில் நோய் என்று உன்னை வேலூரில் சேர்த்தார்கள். ஒரு மத்தியானம் குரூப்பில் எழுதினாய்: "இந்த மருந்தும் தோல்வி."

யாரும் பதில் எழுதுமுன் பாட் அது பாட்டுக்கு ஓடியது: "வந்துட்டுதா? ஊறப் போடு, ஊரே மணக்கட்டும்!"

அதை அழிக்கப் போனேன். அதற்குள் எனக்கு மட்டும் உன் மெசேஜ்: "டேய், தோல்விக்குள்ள தோல் இருக்குதுடா! நமக்குத் தோணவே இல்ல பாரு. தோல்விய மேல வை, தோல கீழ வை. மேல இருக்கிறததான் மொதல்ல பாக்கும். தோல்வின்னா இன்னா சொல்லணும்னு நீயே எழுது. வந்து படிக்கிறேன்."

நீ வரவில்லை. உன்னைக் கொண்டுவந்தார்கள்.

சொன்னபடி மேலே வைத்துவிட்டேன். போன வாரம் ரிசல்ட். "கணக்குல தோல்வி" என்று ஒருத்தி எழுதினாள். பாட் வாயே திறக்கவில்லை. "அதுக்குக்கூட மரியாதை தெரியுதே, எப்பிட்றா எழுதின?" என்றார்கள். "அதெல்லாம் பெரிய டெக்னிக்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், தோஸ்த். டெக்னிக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த ஃபங்ஷனைத் திறப்பேன், ஒரு வார்த்தை அடிப்பேன், அழிப்பேன். காலியாக விட்டால் பைத்தான் திட்டும். அதனால், ஒன்றும் செய்யாமல் போ என்பதற்கு நீ சொல்லித் தந்த சொல்லைப் போட்டு வைத்திருக்கிறேன். மேலே தோல்வி என்று பெயர். உள்ளே ஒரே வரி: பாஸ்.