மூடியில் பதிந்த விரல்

ஞாயிறு, வத்தேகம.

கட்டாருக்குப் போகுமுன் பாதி ஒட்டியபடி விட்ட பிளாஸ்டிக் மாதிரி விமானத்தைப் பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு இன்றைக்குத்தான் அலுமாரி மேலிருந்து இறக்கினேன். கண்டியில் புதுப் பசைகூட வாங்கி வைத்திருந்தேன். ஆசையாகப் பெட்டியைத் திறந்தால், விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடி மூடியில் ஒரு பெருவிரல் ரேகை. பசை பட்டு, உருகிப் பதிந்திருந்தது.

மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"நா பெட்டியத் தொறக்கவே இல்லைங்க. மேல தூசிதான் தட்டினேன்" என்றாள் செல்வி.

"கொழுந்து பறிச்ச கைக்கு இதெல்லாம் எங்க வெளங்கப்போகுது?"

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் எட்டு வருடம் கொழுந்து பறித்தவள். கைகளைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகுதான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. என் வலது பெருவிரலிலும் அதே கோடு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பிளேடு வெட்டிய தழும்பு.

சேன்ட் பேப்பரை எடுத்து, ரேகை போகும்வரை தேய்த்தேன். மூடி முழுக்க மங்கிப்போனது. அவளிடம் சொல்லவில்லை.

மாலையில் தேநீர் கொண்டுவந்தாள். மேசைக்குக் கிட்டவே வராமல் கதிரையில் வைத்தாள்.

"நா ஒண்ணயும் தொடலைங்க."

"அப்படித்தான் இருக்கணும்" என்றேன்.